பஸ்ஸுக்கு அட்டை வேண்டாம், கூலிக்கு மட்டும் எதற்கு இத்தனை?

ஏரிக்கரையான்
5 ஏப்ரல் 2025, காலை 8.12

அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். டிசம்பரில் ஏரி வரத்து வாய்க்காலில் பார்த்த வேலைக்கு இன்னும் கூலி ஏறவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் ஏறவில்லை, அதனால் அம்மாவின் கணக்கில் மட்டும் கோளாறு என்று சொல்லவும் வழியில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் அடிக்கடி பேங்குக்குப் போய் பாஸ்புக்கை மிஷினில் விட்டுப் பார்க்கிறார். வட்டி வரவு ஒரு வரி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். பேங்க் இருப்பது பக்கத்து டவுனில். போய்வர வெள்ளைப் பலகை டவுன் பஸ், பெண்களுக்குக் காசு கிடையாது.

எனக்கு உறுத்துவது இதுதான். பஸ் சலுகைக்குச் சட்டம் எதுவும் இல்லை. 2021 மே 7 அன்று முதல்வர் பதவியேற்ற கையோடு போட்ட கையெழுத்து, மறுநாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. நூறு நாள் வேலைக்கோ பாராளுமன்றம் 2005இல் நிறைவேற்றிய சட்டமே இருக்கிறது. 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று அதில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். வெறும் ஆணை தினமும் ஓடுகிறது, சட்டம் படுத்துக்கொண்டது. ஏன் இப்படி?

விவரம் தெரிந்தவர்கள் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கூலி எந்த இடத்தில் நிற்கிறது என்று எப்படிப் பார்ப்பது? யாரிடம் எழுதிக் கேட்டால் பதில் வரும்? 'டெல்லியிலிருந்து வரல' என்கிற பதிலை ஏற்கெனவே வாங்கிவிட்டோம்.

ரிங்ரோடு
5 ஏப்ரல் 2025, காலை 9.40

பஸ் ஓசி, அரிசி ஓசி, மாதம் ஆயிரம் ஓசி. இதற்கு மேல் மரத்தடியில் உட்கார்ந்து எழுந்து வருவதற்குக் கூலி. அதுவும் லேட்டாகிறதாம், பஞ்சாயத்து வைக்கிறோம். எனக்கு வரி பிடித்த பிறகுதான் சம்பளமே கைக்கு வருகிறது. நான் ஏறுகிற எந்த பஸ்ஸும் சும்மா விடுவதில்லை.

பழைய கண்டக்டர்
5 ஏப்ரல் 2025, காலை 11.05

ரிங்ரோடு தம்பி, மரத்தடி விஷயத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். பஸ் விஷயத்தை நான் சொல்கிறேன். சர்வீஸ் முழுக்க டவுன் பஸ்ஸில்தான் ஓடினேன், திட்டம் வந்த பிறகும் கொஞ்ச காலம் பை மாட்டியிருந்தேன்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? கட்டணம் ஸ்டேஜ் கணக்கு. அடுத்த ஸ்டேஜ் தொட்டால் சீட்டு விலை ஏறும். கட்டட வேலைக்குப் போகிற பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் முந்தின ஸ்டேஜிலேயே இறங்கி, பஸ் போகிற அதே ரோட்டில் பின்னாலேயே நடந்து வருவார்கள். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதை. மிச்சமாவது இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். பார்த்துப் பார்த்து எனக்கே பழகிவிட்டிருந்தது. 2021 மே மாதத்துக்குப் பிறகு அந்த நடை நின்றது. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று சொன்னது. பேப்பரில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டு பஸ் மாறிப் போகிறவர்களுக்கு அவ்வளவு ஆகும்.

ஏரிக்கரையான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பஸ் ஏன் ஓடுகிறது? முதல் காரணம், அங்கே எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏறுகிறவர் பெண் என்றால் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கிழித்துக் கொடுக்க வேண்டும், முடிந்தது. கர்நாடகத்தில் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தபோது அந்த மாநிலத்துப் பெண் என்பதற்கு அடையாள அட்டை காட்டச் சொன்னார்கள். நம்மிடம் அதுவும் இல்லை. பீகாரிலிருந்து வந்து மில்லில் வேலை பார்க்கிற பெண்ணும் அதே சீட்டில்தான் போகிறாள்.

இரண்டாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை. காசு இல்லாத சீட்டை எதற்குக் கிழிக்கிறோம்? எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு வேண்டும், அதை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது. ஆரம்பத்தில் 1,200 கோடி என்றார்கள், இந்த வருஷ பட்ஜெட்டில் 3,600 கோடி. அந்தப் பணம் கழகத்துக்கு என்றைக்கு வந்து சேர்ந்தாலும் பஸ்ஸில் நிற்கிற அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர் காலையிலேயே வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். தாமதம் ஆனால் இடிபடுவது டிப்போதான். டயர் மாற்ற இழுக்கும், ஸ்பேர் வராது. (எங்களுக்கு வர வேண்டிய ஓய்வுப் பலனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதற்குத் தனி இழை வேண்டும்.)

நூறு நாள் வேலையில் இது தலைகீழ். அங்கே தாமதம் முழுக்க வேலை செய்தவர் தலையில் விழுகிறது. அவர் உழைப்பை முதலிலேயே கொடுத்துவிட்டார், கடன் கொடுத்த ஆள் மாதிரி நின்றுகொண்டிருக்கிறார்.

மஸ்டர்ரோல்
5 ஏப்ரல் 2025, மதியம் 1.30

கண்டக்டர் ஐயா கடைசியில் சொன்னதுதான் விஷயம். நூறு நாள் வேலைக் கணக்கை ஊரில் வைத்தே சரிபார்க்கிற சமூகத் தணிக்கைக்காகக் கொஞ்ச காலம் ஊர் ஊராகப் போயிருக்கிறேன், அதிலிருந்து எழுதுகிறேன்.

ஏரிக்கரையான், பணம் போகிற பாதை இது. வாரம் முடிந்ததும் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டை மூடுவார்கள், ஓவர்சியர் வந்து அளவெடுப்பார். அளவைக் கணினியில் ஏற்றி, ஒன்றிய அலுவலகத்தில் எஃப்.டி.ஓ. என்கிற பணப் பரிமாற்ற ஆணையில் கையெழுத்துப் போடுவார்கள். இதுவரைக்கும் மாநிலத்தின் பொறுப்பு, 8 நாளுக்குள் முடிய வேண்டும். அதன் பிறகு மத்திய அரசு நேரடியாகத் தொழிலாளியின் கணக்கில் போட வேண்டும். உடல் உழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பணம். பொருள் செலவில்தான் மாநிலத்துக்கு நாலில் ஒரு பங்கு.

திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்து வேலை அட்டை எண்ணைத் திறந்து பாருங்கள். எந்தத் தேதியில் எந்த மஸ்டர் ரோலில் எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று வரிசையாக இருக்கும். எஃப்.டி.ஓ. போட்டாயிற்று, பணம் வரவில்லை என்றால் தடங்கல் மேலே. எஃப்.டி.ஓ.வே இல்லை என்றால் தடங்கல் உங்கள் ஒன்றியத்தில். இரண்டுக்கும் போக வேண்டிய இடம் வேறு, அதனால் முதலில் இதைப் பாருங்கள்.

இப்போது தமிழ்நாடு முழுக்க நிற்பது முதல் வகை. ஜனவரியில் 1,056 கோடி பாக்கி என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் கடைசியில் அது 4,034 கோடி என்று சொல்லிப் போராட்டம் நடந்தது. மக்களவையில் மத்திய இணை அமைச்சர் சொன்ன பதில்தான் எனக்குப் புரியவில்லை. 7 கோடி பேர் உள்ள தமிழ்நாட்டுக்கு 10,000 கோடிக்கு மேல் தந்திருக்கிறோம், 20 கோடி பேர் உள்ள உத்தரப் பிரதேசத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்றார். இது கேட்டவர்களுக்கு வேலை தரும் சட்டம். ஆள்கணக்குப் பார்த்துப் பங்கு பிரிக்கிற திட்டம் இல்லையே? எங்கே அதிகம் பேர் வேலை கேட்டுச் செய்தார்களோ அங்கே அதிகம் செலவாகும். வேலை வாங்கிவிட்டு, நீங்கள் அதிகமாக வேலை செய்துவிட்டீர்கள் என்று கூலியை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

தலைப்பில் கேட்ட கேள்விக்கும் பதில். முதலில் வேலை அட்டை வேண்டும். 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத் தளத்திலும் செல்போன் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் எடுக்க வேண்டும். சிக்னல் இல்லாத ஏரிக்குள் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். காலைப் படம் ஏறி மாலைப் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி கேள்விக்குறி. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் பட்டுவாடா. அட்டையில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் அலைச்சல். 2022–23இல் மட்டும் நாடு முழுக்க 5 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பெயர்கள் வேலை அட்டைகளிலிருந்து நீக்கப்பட்டன. அவர்கள் எல்லாரும் போலி என்று யாராவது நம்புகிறீர்களா?

ரிங்ரோடு சார், மரத்தடி பற்றி. நிழல், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி வேலைத் தளத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நிழலுக்குப் பந்தல் போட்டுத் தருவதில்லை, அதனால் மரத்தடி. இன்னொன்று, அறிவித்த கூலி எல்லாருக்கும் அப்படியே வருவதில்லை. அளவெடுத்து, மண் குறைவாக வெட்டியிருந்தால் தொகையும் குறையும். உட்கார்ந்து எழுந்து வந்தால் அந்த வாரக் கூலியில் தெரியும்.

வண்டல்
5 ஏப்ரல் 2025, மாலை 6.20

எல்லாம் சரி, விவசாயி பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் பகுதியில் நடவுக்கும் களைக்கும் ஆள் தேடி நாய் படாத பாடு. நூறு நாள் வேலை நடக்கிற வாரத்தில் யாரும் வருவதில்லை. வந்தாலும் மதியத்தோடு கரையேறிவிடுகிறார்கள். நான் ஒன்றும் பண்ணையார் இல்லை, இரண்டரை ஏக்கர், அதிலும் பாதி குத்தகை. நெல்லுக்கு விலையை அரசு வைக்கிறது, கூலியை மறைமுகமாக இந்தத் திட்டம் வைக்கிறது, நடுவில் நான் நசுங்குகிறேன். இந்த ஆட்களை எங்கள் வயலுக்கு அனுப்பி, கூலியில் பாதியை அரசு தரட்டும் என்று கிராம சபையில் கேட்டோம். சட்டத்தில் இடமில்லை என்றார்கள்.

மலையடிவாரம்
5 ஏப்ரல் 2025, இரவு 8.45

வண்டல் அண்ணே, நாங்களும் உங்களை மாதிரி ஆட்களின் வயலில் வேலை செய்கிறவர்கள்தான். மே, ஜூனில் வயலில் வேலை இருக்காது. அப்போது எங்களை யார் கூப்பிடுவீர்கள்? வருஷத்தில் நூறு நாள் என்று பெயர்தானே தவிர, நாடு முழுக்கச் சராசரி எடுத்தால் ஒரு குடும்பத்துக்கு 50 நாள் அளவில்தான் கிடைக்கிறது. மிச்ச நாளெல்லாம் உங்களுக்குத்தான்.

பஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் பஸ் நன்றாக ஓடுகிறது என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸே கிடையாது. தனியார் மினி பஸ் வரும், அதில் காசு. மெயின் ரோட்டுக்கு நடந்து போனால் புறநகர் வண்டி நிற்கும், அதிலும் காசு. வெள்ளைப் பலகை வருகிற இடம் வரைக்கும் போய்ச் சேரவே எனக்குச் செலவாகிறது. 888 ரூபாய் கணக்கில் நான் இல்லை. டவுன் பஸ் வருகிற ஊரிலும் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. அதைவிட்டால் இல்லை. ஸ்டாப்பில் பத்துப் பெண்கள் மட்டும் நின்றால் டிரைவர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவார், ஓடி வந்து ஏற வேண்டும். கண்டக்டர் ஐயா கோபப்படக் கூடாது.

பழைய கண்டக்டர்
5 ஏப்ரல் 2025, இரவு 9.10

கோபம் இல்லை அம்மா. அப்படி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நானே டிப்போவில் சண்டை போட்டிருக்கிறேன். மலைப் பகுதிக்கும் இது ரொம்ப நாள் கிடையாது, 2024இல்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஊருக்கு வழித்தடம் கேட்டுக் கிளை மேலாளருக்கும் கலெக்டருக்கும் சேர்த்து மனு போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலையாசிரியரிடம் எழுதி வாங்கிச் சேர்த்தால் நகரும். அது இல்லாத மனு மேஜையிலேயே கிடக்கும்.

மஸ்டர்ரோல்
5 ஏப்ரல் 2025, இரவு 9.50

வண்டல், தனியார் வயலில் நடவுக்கு ஆள் அனுப்ப முடியாது, உண்மை. ஆனால் சிறு, குறு விவசாயி என்ற வகையில் உங்கள் நிலத்தில் பண்ணைக்குட்டை, வரப்பு, நிலம் சமன் செய்தல் போன்ற வேலையை இதே திட்டத்தில் கேட்க முடியும். வேலை அட்டை எடுத்து நீங்களும் அதில் இறங்கி வேலை செய்ய வேண்டும். கிராம சபையில் வேலைப் பட்டியல் தயாரிக்கும்போது பெயர் கொடுத்து வையுங்கள். நடவு நேரத்தில் ஊராட்சி வேலையைத் தள்ளி வைக்கச் சொல்லித் தீர்மானம் போடவும் தடை இல்லை. சில ஊர்களில் பேசி வைத்துச் செய்கிறார்கள்.

கணக்கன்
6 ஏப்ரல் 2025, காலை 7.30

தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்பதை யாரும் சொல்லவில்லையே. 16ஆம் நாளிலிருந்து, பாக்கித் தொகையில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம். போன நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். 20 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 6,380. அதற்கு ஒரு நாள் இழப்பீடு 3 ரூபாய் 19 காசு. ஆக, நூறு நாள் தாமதித்தால் ஒரே ஒரு நாள் கூலி இழப்பீடாக வரும். நகையை அடகு வைத்துச் சாப்பிட்டவர் கட்டுகிற வட்டியில் இது எந்த மூலைக்கு? அதையும் கேட்காமல் யாரும் தருவதில்லை.

மாநிலம் எஃப்.டி.ஓ. போட்ட பிறகு மேலே ஆகிற தாமதத்தைப் பல வருஷம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வழக்குப் போய், 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதையும் சேர்க்க வேண்டும் என்றது. தீர்ப்பு வந்துவிட்டது, பணம்தான் வரவில்லை.

ரிங்ரோடு, வரிப்பணம் பற்றி. இந்தத் திட்டத்தின் தாத்தா மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 1972–73 பஞ்சத்தில் தொடங்கிய வேலை உறுதித் திட்டம், 1977இல் சட்டமானது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நகரத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் மேல் தொழில் வரி போட்டார்கள். கிராமத்தில் வேலை இருந்தால் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் பம்பாய் நடைபாதைக்கு வர மாட்டார்கள், அதற்கு நகரம் காசு கொடுக்கட்டும் என்று வெளிப்படையாகவே சொல்லி வாங்கினார்கள். அதோடு, நீங்கள் கட்டுகிற வருமான வரி மட்டுமா வரி? ஏரிக்கரையானின் அம்மா வாங்குகிற சோப்பிலும் ஜி.எஸ்.டி. இருக்கிறது.

நெறியாளர்
6 ஏப்ரல் 2025, காலை 10.00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

பதிவுமூப்பு
6 ஏப்ரல் 2025, காலை 11.15

உதவித்தொகை பேசுகிற இழையில் எங்களை மறந்துவிட்டீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருஷம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாவது தேறியவருக்கு 300. மூன்று வருஷத்துக்கு மட்டும். குடும்ப வருமானம் வருஷம் 72,000க்குள் இருக்க வேண்டும். பையன் நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போய்வந்தால் ஒரு மாதத் தொகை போச்சு, அவனுக்கு பஸ்ஸும் இலவசம் இல்லை.

முதியோர் உதவித்தொகையும் இந்தக் கதைதான். மாநிலம் 2023இல் 1,200 ஆக்கியது. அதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்னும் அதே 200. டீ விலை எங்கேயோ போய்விட்டது.

ரிங்ரோடு
6 ஏப்ரல் 2025, மதியம் 12.40

தொழில் வரி விஷயம் எனக்குப் புதுசு. இருந்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மாதம் ஆயிரம் கொடுக்கிற உரிமைத் தொகைக்காவது வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் 3,600 யூனிட், கார் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பஸ்ஸுக்கு அதுவும் இல்லை. காரில் போகிற வீட்டம்மாவும் ஏறலாம் அல்லவா?

மலையடிவாரம்
6 ஏப்ரல் 2025, மதியம் 1.05

ஏறட்டுமே. டவுன் பஸ் கூட்டத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால் மறுநாள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உரிமைத் தொகைக்கு வரம்பு வைத்ததில் எங்கள் தெருவில் விடுபட்டவர்கள் யார் தெரியுமா? கூட்டுக் குடும்பத்தில் ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரிகிற வீடு. யூனிட் தாண்டிவிட்டது என்று தள்ளிவிட்டார்கள். கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடுவதற்கே இ-சேவை மையத்தில் வரிசை. கார் வைத்திருப்பவர் ஒருத்தர் ஏறாமல் தடுப்பதற்காக எங்களை எல்லாம் வரிசையில் நிறுத்த வேண்டுமா?

ஏரிக்கரையான்
8 ஏப்ரல் 2025, இரவு 7.55

எல்லாருக்கும் நன்றி. மஸ்டர்ரோல் அக்கா சொன்னபடி பார்த்தேன். அம்மாவின் பெயரில் டிசம்பர் மஸ்டர் ரோல் எல்லாவற்றுக்கும் எஃப்.டி.ஓ. போட்டிருக்கிறது. ஒன்றியத்தில் தடங்கல் இல்லை.

போகிற போக்கில் இன்னொன்று கண்ணில் பட்டது. ஆதார் தளத்தில் எந்த பேங்கோடு இணைப்பு இருக்கிறது என்று பார்த்தால், அம்மா பாஸ்புக் போடுகிற பேங்கின் பெயரே அங்கே இல்லை. எப்போதோ சிம் வாங்கும்போது கைரேகை வைத்ததில் திறந்த ஒரு செல்போன் கம்பெனி பேங்க் கணக்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது. கூலி வந்திருந்தாலும் அதில்தான் விழுந்திருக்கும், அம்மா பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். நேற்று பேங்குக்குக் கூட்டிப் போய் இணைப்பை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்கள் தெருவிலேயே இன்னும் நாலைந்து பேருக்கு இப்படி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பார்த்துவிடுங்கள்.

இழப்பீட்டுக்கு எப்படி எழுதுவது?

மஸ்டர்ரோல்
8 ஏப்ரல் 2025, இரவு 9.20

நல்ல வேளை, இப்போதே பார்த்தீர்கள். மனுவை நீட்டி எழுத வேண்டாம். வேலை அட்டை எண், வேலையின் பெயர், ஒவ்வொரு வாரத்துக்கும் மஸ்டர் ரோல் எண், வேலை முடிந்த தேதி, வர வேண்டிய தொகை. அதன் கீழே, சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி 16ஆம் நாளிலிருந்து தாமத இழப்பீடு சேர்த்துத் தரவும் என்று ஒரு வரி. ஊராட்சிச் செயலருக்குக் கொடுத்து, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்டக் குறைதீர்ப்பாளருக்கும் அனுப்புங்கள். தேதி போட்ட ஒப்புகை இல்லாமல் திரும்பி வராதீர்கள். 'வச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்' என்றால் பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள்.

ஒருத்தர் கொடுத்தால் 3 ரூபாய் 19 காசுக்கு மனுவா என்று சிரிப்பார்கள். அதனால் தெருவே சேர்ந்து கொடுங்கள். மே 1 கிராம சபையில் தீர்மானமாகவும் எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதிய பிறகு எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போட வேண்டாம். புதுக் கூலி ஏப்ரல் 1 முதல் 336 என்பதையும் அங்கேயே சத்தமாகப் படித்துவிடுங்கள், பலருக்குத் தெரியாது.

ஏரிக்கரையான்
8 ஏப்ரல் 2025, இரவு 9.35

எழுதிக்கொண்டேன். அம்மா ஒரு சந்தேகம் கேட்கிறார். கிராம சபைக்குப் போய் உட்கார்ந்தால் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று போட்டுவிடுவார்களா?

பழைய கண்டக்டர்
8 ஏப்ரல் 2025, இரவு 9.41

மே தினம் தம்பி, அன்றைக்கு வேலையே கிடையாது. கூட வேலை பார்க்கிற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.